மறு: ‘டைனெட்’ மேசைக்குத் தமிழ்ச் சொல் – இறங்குமேசை, ஆப்புக்கால், கால்குழி

குழுவினருக்கு வணக்கம்.

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இழுவை வீட்டுக்குள் (டிரெய்லர்), பகலில் சாப்பாட்டு மேசையாகவும் இரவில் படுக்கையாகவும் ஆகும் ‘டைனெட்’டுக்குத் தமிழ்ப் பெயராக இதுவரை வந்த பரிந்துரைகள் ஐந்து: சரிசெய்தகு மேசை, அனுசரிப்பு மேசை, மடக்குமேசை, மேசைக்கட்டில், உண்மூலை. வட அமெரிக்காவில் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக நாம் எழுதிவரும் பராமரிப்புக் குறிப்பின் வரைவில் ஐந்தையும் போட்டுப் படித்துப் பார்த்தேன். எந்தச் சொல் அழகாக இருக்கிறது என்பதைவிட, மேசை ஆடும்போது குனிந்து அடியில் பார்ப்பவருக்கு எது வழிகாட்டுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எது எதைத் தாங்குகிறது, எது எதைப் பிடிக்கிறது என்று பெயரே சொல்லிவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

> ‘சரிசெய்தகு’ ஏற்கெனவே வழக்கில் உள்ளதுதானே, புதிதாக ஒன்று எதற்கு?

அண்ணா, நாற்காலிக்கோ விளக்குக்கோ அது போதும். பழுதுபார்க்கும் குறிப்பில்தான் சிக்கல். தமிழில் உயரத்தை மாற்றுவதும் சரிசெய்தல், உடைந்ததை ஒட்டுவதும் சரிசெய்தல். “சரிசெய்தகு மேசையைச் சரிசெய்தல்” என்று தலைப்பு வைத்தால், சரிசெய்ய முடிகிற அளவுக்கே பழுதான மேசை என்று ஒருவர் படிக்கக்கூடும். ‘அனுசரிப்பு’ இன்னும் விலகிப்போகிறது. அது மனிதர்களுக்குள் நடப்பது.

‘மடக்குமேசை’யும் பொருந்தவில்லை. இந்த மேசைகளில் பெரும்பாலானவற்றில் பலகை மடங்குவதே இல்லை. ஒரு வகையில் மட்டும், பலகையின் ஒரு முனை சுவரில் உள்ள தண்டவாளத்தில் கொக்கிபோல மாட்டியிருக்கும், மறுமுனையில் கீல் வைத்த ஒற்றைக் கால் மடங்கும். அதற்கு ‘மடக்குக்கால் மேசை’ என்பது சரியான பெயர். அந்த வகையில் முதலில் தளர்வது கீலும் அதன் திருகாணிகளும். பெயரைக் கேட்டதும் கை அங்கேதான் போக வேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவாக நடப்பது ஒன்று உண்டு: பலகை கீழே இறங்குகிறது. சாப்பிடும்போது ஏறத்தாழ 29, 30 அங்குல உயரத்தில் நிற்கும் பலகை, இரவில் இரண்டு பக்க இருக்கைகளின் மட்டத்துக்கு இறங்கி, மேலே மெத்தைகளைப் பரப்பினால் படுக்கையாகிவிடுகிறது. அதனால் பலகைக்கு ‘இறங்குமேசை’ என்று முன்மொழிகிறேன். ‘தாழ்மேசை’ என்றால் எப்போதும் தாழ்வாகவே இருக்கும் மேசை என்றாகிவிடும். ‘இறங்குமேசை’ வினைத்தொகை, இறங்கிய, இறங்குகின்ற, இறங்கும் எல்லாம் அதில் அடங்கும்.

இப்போது முழு அமைப்புக்கு வருவோம். ‘டைனெட்’ என்ற ஆங்கிலச் சொல் சிறிய உணவறை என்பதோடு நின்றுவிடுகிறது, படுக்கையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. படுக்கை இதில் பின்னால் ஒட்டவைத்த வசதி அல்ல. இழுவை வீடு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஏர்ஸ்ட்ரீம் 1936இல் கொண்டுவந்த கிளிப்பர் வண்டியிலேயே எஃகுக் குழாய்ச் சட்டம் போட்ட டைனெட் படுக்கையாக மாறியது. அதனால்தான் அதில் நான்கு பேர் தூங்க முடிந்தது.

சுவரோடு சேர்த்துக் கட்டியது, நகர்த்த முடியாதது, பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஆவது. இப்படி ஒன்றுக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: திண்ணை. அந்த இரண்டு பக்க இருக்கைகளையும் ‘திண்ணை’ என்றும், மேசையோடு சேர்ந்த முழு அமைப்பை ‘மேசைத்திண்ணை’ என்றும் சொல்லலாம் என்பது என் துணிபு. ‘மேசைக்கட்டில்’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது பலகை மட்டுமே கட்டிலாகிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. அந்த எண்ணத்தால்தான் பல மேசைகள் உடைகின்றன.

இறங்கிய பலகையின் எடையைக் கால் தாங்கக் கூடாது. திண்ணைகளின் உள்விளிம்பில் நீளவாக்கில் அடித்திருக்கும் மரச்சட்டம்தான் தாங்க வேண்டும். பலகையின் இரண்டு ஓரங்களும் அந்தச் சட்டத்தின் மேல் முழுதாக உட்கார வேண்டும். இதற்கு ‘தாங்குசட்டம்’ போதும், யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையில் பெரும்பாலும் இதைப் பசையும் ஸ்டேப்பிள் பின்னும் வைத்தே பிடித்துவிடுகிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்கப் பின் மெல்ல வெளியே வருகிறது. ஒரு இரவு பெரியவர் ஒருவர் திரும்பிப் படுத்ததும் சட்டம் ஒரு பக்கம் கழன்றுவிடும். சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக மரப்பசை தடவி, முன்துளை போட்டுத் திருகாணியால் இறுக்கினால் பல வருடம் நிற்கும். திருகாணியின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். திண்ணைப் பெட்டிக்குள்தான் நிறைய வண்டிகளில் தண்ணீர்த் தொட்டி, பம்ப், மின்மாற்றிப் பெட்டி எல்லாம் ஒளிந்திருக்கும்.

அடுத்தது கால். மெயில்கள் அதிகம் வந்ததும் இதற்குத்தான்.

> தரையில் பதித்த, கால் செருகும் அந்த வட்டத் தட்டுக்குக் ‘குடுமிக்குழி’ பொருந்தும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கதவுக் குடுமி சுழல்வது அப்படியொரு குழியில்தான்.

அக்கா, நல்ல சொல்லைத் தேடி எடுத்துத் தந்தீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் வேலை நேர்மாறு. கதவுக் குடுமி சுழல வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விடுகிறோம். மேசைக்கால் சுழலக் கூடாது, குழியைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். குடுமி என்று பெயர் வைத்தால், படிப்பவர் முதல் வேலையாக எண்ணெய்க் குப்பியை எடுப்பார். அதுதான் இந்தக் காலுக்குச் செய்யக் கூடாத வேலை.

அது நிற்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். கால் ஒரு உலோகக் குழாய். வழக்கமான விட்டம் இரண்டேகால் அங்குலம். அதன் இரண்டு முனைகளும் லேசாகச் சரிந்து குறுகும். தரைத் தட்டிலும் பலகையின் அடித் தட்டிலும் உள்ள குழிகளும் அதே சரிவில் குறுகும். குழாயைச் செருகி மேலிருந்து அழுத்தினால் உலோகமும் உலோகமும் நெருக்கிக்கொள்கின்றன. திருகோ பூட்டோ கிடையாது, உராய்வு மட்டுமே பிடிக்கிறது. தச்சர் இதை ஆப்பு என்பார். ஆகவே ‘ஆப்புக்கால்’. இந்தப் பெயர் வைத்துவிட்டால் “எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள்” என்ற எச்சரிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. ஆப்புக்கு யாரும் எண்ணெய் தடவுவதில்லை.

> ‘ஆப்பு’ என்றாலே இளைஞர்கள் வேறு பொருளில் எடுப்பார்களே.

அந்தப் பொருள் ‘வைத்தல்’ என்ற வினையோடு சேரும்போதுதான் வருகிறது, ஐயா. மண்வெட்டிக் காம்பு ஆடினால் இன்றும் ஆப்புத்தான் அடிக்கிறோம். உயிரோடிருக்கும் ஒரு தொழிற்சொல்லைக் கிண்டலுக்குப் பயந்து கைவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

குழிக்கு விதிப்படி ‘காற்குழி’ என்று வர வேண்டும். ஆனால் அதில் ‘காற்று’ காதில் விழுகிறது. ‘கால்குழி’ என்றே எழுதலாம்.

ஆப்புக்காலில் வரும் கோளாறுகள் அநேகமாக இரண்டு. ஒன்று, பலகையை இறக்கக் கழற்றும்போது கால் வர மறுப்பது. குழிக்குள் மணலும் காய்ந்த குழம்பும் அடைந்து இறுகியிருக்கும், அல்லது துரு பிடித்திருக்கும். பலகையைப் பிடித்து நெம்பினால் கால் வராது, பலகையில் உள்ள திருகாணிகள்தான் பிடுங்கிக்கொண்டு வரும். ரப்பர் சுத்தியலால் காலின் அடிப்பக்கத்தில், குழிக்குச் சற்று மேலே, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, இடவலமாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். கழன்று வந்ததும் காலையும் குழியையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப்பசையே இல்லாமல் துடைத்துவிட வேண்டும். குழாய் முனை நசுங்கி நீள்வட்டமாகியிருந்தால் தட்டிச் சரிக்கட்டிப் பயனில்லை, கால் புதிதாக வாங்குவதே நல்லது. அது விலை அதிகமில்லாத பொருள்தான்.

இரண்டாவது, ஆட்டம். ஆடுகிறது என்றால் உடனே காலைக் குறை சொல்லாதீர்கள். காலைக் கையால் பிடித்துக்கொண்டு குழித்தட்டைப் பாருங்கள். தட்டும் சேர்ந்து அசைந்தால் தவறு தரையில். முதலில் திருகாணிகளைக் கழற்றி, துளைக்குள் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். மரம் பொதபொதவென்று இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. மேசைத்திண்ணை பல வண்டிகளில், வண்டியை நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறையில் (ஸ்லைடு-அவுட்) இருக்கிறது. அந்த அறையின் ஓர ரப்பர் வழியாக மழைநீர் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. கசிவை அடைக்காமல் தட்டை இறுக்குவது வீண் வேலை. மரம் உறுதியாக இருந்து துளை மட்டும் அகன்றிருந்தால், கடினமரக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் புதுத் துளை போடலாம். இன்னும் உறுதி வேண்டும் என்றால் தரை முழுக்க ஊடுருவும் போல்ட்டும் அடியில் அகல வாஷரும். ஆனால் துளைபோடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியோ மின்கம்பியோ வெப்பக்காற்றுக் குழாயோ அங்கே ஓடலாம்.

பலகையின் அடியில் இருக்கும் தட்டுக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசமாக. பலகை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. ஒருமுறை திருகாணி பிடுங்கிக்கொண்டால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. அகலமான பிளைவுட் துண்டு ஒன்றைப் பலகையின் அடியில் ஒட்டி, அதன் மேல் தட்டைப் பொருத்துவது எனக்குத் தெரிந்தவரை நல்ல வழி.

> அழுத்தினால் தானே இறங்கி, விட்டால் தானே எழும் காலுக்குக் ‘காற்றுத்தண்டு’?

இங்கே ‘காற்று’ வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தமேற்றிய நைட்ரஜன். காற்று என்று எழுதினால், மேசை எழாதபோது சைக்கிள் டயர்போலப் பம்ப் அடித்துப் பார்க்கத் தோன்றும். இதை நிரப்பவும் முடியாது, திறக்கவும் கூடாது, துளையிட்டால் ஆபத்து. ‘வாயுத்தண்டு’ என்போம், ‘மூடிய’ என்ற அடைமொழியோடு ஒருமுறை விளக்கிவிடுவோம். தண்டின் மேல் நியூட்டன் அளவில் விசை அச்சிட்டிருக்கும். மாற்றும்போது அதே எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். குளிர்காலத்தில் மேசை சோம்பலாக எழுந்தால் உடனே மாற்றிவிடாதீர்கள். வெப்பம் 20 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 20க்குப் போனாலே வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். வண்டி சூடானபின் பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொன்று, குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டியது: வண்டியை இழுத்துச் செல்லும்போது இறங்குமேசை இறங்கியே இருக்கட்டும். ஆப்புக்காலின் மேல் நிறுத்திவைத்து நெடுஞ்சாலையில் போனால், ஒவ்வொரு குலுக்கலும் பலகையை நெம்புகோலாக்கிக் குழித்தட்டின் திருகாணிகளைத் தளர்த்தும்.

மேசைத்திண்ணை, இறங்குமேசை, ஆப்புக்கால், கால்குழி, தாங்குசட்டம், வாயுத்தண்டு. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் வரைவில் ஏற்றிவிடுகிறேன். பலகையின் ஓரத்தில் காடியில் (நீளப் பள்ளத்தில்) செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு மட்டும் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. ‘ஓரப்பட்டை’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அது காடிக்குள் செருகி நிற்பது, ஒட்டியது அல்ல. வெதுவெதுப்பாக்கினால் இளகிச் சுலபமாக உள்ளே போகும். அந்தச் செருகலைச் சொல்லும் தச்சர் வழக்கு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.