அறிவியல் புனைகதைப் படத்தின் முதல் காட்சி: எங்கே பிசகியது?

தனிக்கோள்:
14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். விண்கலத்தில் தன்னந்தனியாக ஒரு பராமரிப்பாளர். பூமியிலிருந்து செய்தி வருவது நின்று 11 ஆண்டுகள். இதையெல்லாம் தொடக்கத்தில் 40 விநாடி எழுத்தாக ஓடவிட்டு, அதைப் படிக்க ஒரு கணினிக் குரலையும் வைத்தேன். பார்த்த மூவரில் இருவர் சிரித்துவிட்டார்கள். நையாண்டிப் படம் என்று நினைத்தார்களாம். படமோ துயரமானது. என்ன செய்யலாம்?

இரைச்சல்:
நான் ஒலிக்கலவை செய்பவன், அதனால் காதிலிருந்துதான் தொடங்குவேன். ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தலைப்பே ஒரேயடியாக வருவதில்லை. ஒவ்வொரு கோடாக, சோம்பலாகக் கூடுகிறது. பிறகு ஆளில்லாத நடைவழிகள். கலத்தின் உறுமலைத் தவிர வேறு பேச்சில்லை. மேசைமேல் தண்ணீரில் மூக்கை நனைத்து நிமிரும் பொம்மைப் பறவை ஒன்று தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பறவை போதும். உயிரில்லாத ஒன்று அசைகிறது, அசைய வேண்டிய மனிதர்களைக் காணவில்லை. விண்கலம் என்பதால் அறிவியல் புனைகதை. வெறிச்சோடிக் கிடப்பதால் திகில். இரண்டையும் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

அடுத்து நடப்பதுதான் கெட்டிக்காரத்தனம். முதலில் விழிப்பது கணினி. ஆளில்லாத தலைக்கவசத்தின் கண்ணாடியில் அதன் எழுத்துகள் மின்னி ஓடுகின்றன. மனிதர்கள் அதற்குப் பிறகுதான் எழுகிறார்கள். இந்தக் கலத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் படத்தில் கணினிக் குரலை முதலில் தூக்குங்கள். குற்றவாளி அதுதான், அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் கேலியாகிவிட்டது.

பழையரீல்:
எழுத்தே கூடாது என்பதுபோல் இருக்கிறது நீங்கள் சொல்வது. 'ஏலியன்' படத்திலேயே எழுத்து வருகிறதே! கலத்தின் பெயர், ஆட்கள் 7 பேர், 2 கோடி டன் கனிமம், பூமிக்குத் திரும்பும் பயணம். 'பிளேடு ரன்னர்' (1982) விளக்க எழுத்தோடுதான் தொடங்குகிறது.

இரைச்சல்:
சரிதான், மடக்கிவிட்டீர்கள். ஆனால் 'ஏலியன்' எழுத்து சரக்குச் சீட்டு மாதிரி இருக்கிறது, கதைச்சுருக்கம் மாதிரி இல்லை. இவர்கள் வீரர்கள் அல்லர், சரக்கு ஏற்றிச் செல்லும் கூலிக்காரர்கள் என்று அந்தத் தொனியே சொல்லிவிடுகிறது. 'பிளேடு ரன்னர்' விளக்கம் எனக்கு இன்றும் உறுத்தல்தான். மனதில் நிற்பது அதற்குப் பின் வரும் தீப்பிழம்பு கக்கும் இருண்ட நகரமும், அதைப் பிரதிபலிக்கும் ஒற்றைக் கண்ணும்.

கண்ணாடிமீன்:
'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) நினைவுக்கு வருகிறது. உலகிலேயே வயதில் சிறியவன் இறந்துவிட்டான் என்று தொலைக்காட்சி சொல்கிறது. அவனுக்கு வயது 18. காபிக் கடையில் எல்லோரும் உறைந்துபோய்ப் பார்க்கிறார்கள். நாயகன் மட்டும் காபியை வாங்கிக்கொண்டு வெளியே நடக்கிறான், சற்று நேரத்தில் குண்டு வெடிக்கிறது. செய்தி உலகத்தைச் சொல்கிறது. அவன் நிற்காமல் போவதுதான் படத்தின் மனநிலையைச் சொல்கிறது. உங்கள் பராமரிப்பாளருக்கு அந்த 11 ஆண்டுகள் பழகிப்போயிருக்கும் அல்லவா? அந்தப் பழக்கத்தைக் காட்டுங்கள்.

தனிக்கோள்:
குரலையும் எழுத்தையும் வெட்டிவிட்டேன். இப்போது முதல் காட்சியில் அவர் தேநீர்க் குவளையோடு வந்து, திரையைப் பார்க்காமலேயே செய்தி வாங்கும் பொத்தானை அழுத்துகிறார். பொத்தானின் மேலிருந்த எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. இரைச்சல் ஒலி மட்டும். ஒரு மிடறு குடிக்கும் நேரம் காத்திருந்துவிட்டு அணைத்துவிடுகிறார். முன்பு சிரித்தவரில் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் நிமிடத்திலேயே, "யாரிடமிருந்து வரவேண்டும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இரைச்சல்:
அணைத்த பிறகு வரும் அமைதியை இன்னும் 2 விநாடி நீட்டுங்கள். பின்னணி இசை மட்டும் வேண்டாம்.