ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்: பின்பக்கம் தாழ்த்திய பின் ஹேண்டில் மந்தமாகிவிட்டது, முன் ஃபோர்க்கை எவ்வளவு இறக்கலாம்?

கேள்வி (கானாடுகாத்தான்):
அண்ணன்மார்களுக்கு வணக்கம். என் உயரம் 5 அடி 3 அங்குலம். இருக்கையோ 800 மி.மீ. உயரத்தில் இருப்பதால், கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று சென்ற மாதம் பின்பக்க சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டை (லிங்க்) மாற்றி 25 மி.மீ. தாழ்த்தினேன். கால் இப்போது நன்றாகப் பதிகிறது. ஆனால் குன்றக்குடிச் சாலை வளைவுகளில் வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாக விலகிப் போகிறது. சைடு ஸ்டாண்டு போட்டாலும் ஏறக்குறைய நேராகவே நிற்கிறது. முந்தாநாள் வாசல் செம்மண்ணில் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டது. முன்பக்கத்தையும் 25 மி.மீ. இறக்கினால் சரியாகுமா?

பதில் (காரைக்குடி):
தம்பி, இரு சக்கரங்களுக்கும் இடையே 1,465 மி.மீ. உள்ள இந்த வண்டியில் பின்பக்கம் மட்டும் 25 மி.மீ. இறங்கினால், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை கூடிவிடும். ஹேண்டில் மந்தமானது அதனால்தான். ஆனாலும் முழு 25 வேண்டாம். ஃபோர்க் குழாயை டீயில் (குழாய்களை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் பட்டைகள்) 10 மி.மீ. மேலேற்றினால் முன்பக்கம் அந்த அளவு இறங்கும்; அப்படி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் 15 வரை போகலாம்.

அதற்கு முன் ஓர் அளவை அவசியம் எடுத்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, மட்கார்டுக்கும் கீழ் டீக்கும் இடையே ஃபோர்க்கின் சாய்விலேயே டேப் பிடித்தால், 215 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஃபோர்க் 200 மி.மீ. அமுங்கும், நீங்கள் ஏற்றப்போவது 15. குறைந்தால், பெரிய பள்ளத்தில் மட்கார்டு டீயில் இடிக்கும்.

என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்த பின்னரே டீ போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது எல்லாவற்றையும் தளர்த்தினால், வண்டி தன் எடையிலேயே சட்டென்று இறங்கிவிடும். மேல் டீக்கு மேலே தெரியும் குழாயை இருபுறமும் வெர்னியரால் அளந்து சமமாக வைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே இறுக்குங்கள். என் கண்ணெதிரே ஒருவர் கைக்கணக்கில் இறுக்கி டீயை விரிசல் விட வைத்தார். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் (தேவகோட்டை):
சைடு ஸ்டாண்டை இப்போதே வெட்ட வேண்டாம். முன்பக்க உயரம் முடிவான பிறகு அளந்து குறைத்து வெல்டிங் செய்யுங்கள், செம்மண்ணில் புதையாதிருக்க அடியில் அகலத் தட்டும் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை சென்டர் ஸ்டாண்டே பாதுகாப்பு. தாழ்ந்த வண்டியை அதில் ஏற்றுவது சிரமம் என்பதால், பின்சக்கரத்தை ஒரு பலகையின் மேல் உருட்டி நிறுத்திக்கொண்டு ஏற்றுங்கள்.