பியானோ டிரியோ: மெட்டு எங்கே போகிறது?

கே.கே. நகர், மதுரை:
பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் மட்டும் பழைய அமெரிக்கப் பாட்டுகளை வாசிக்கும் ஜாஸ் பதிவுகள் ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. முதல் நிமிஷம் மெட்டு புரிகிறது, அப்புறம் எங்கே போகிறார்கள் என்றே பிடிபடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

திருமங்கலம்:
மெட்டைத் தேடாதீர்கள், சுற்றைக் கவனியுங்கள். இந்தப் பாட்டுகளில் நிறைய 32 பார் (தாளக் கட்டம்) கொண்டவை, எட்டெட்டாக நான்கு பகுதி. பல பாட்டுகளில் மூன்றாவது பகுதி மட்டும் வேறு மெட்டு. ஒருமுறை வாசித்ததும் அதே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசைதான் திரும்பத் திரும்ப ஓடும், அதன் மேல் கற்பனை. கர்நாடகக் கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவல் கேட்டுப் பழகியவர் என்றால் சீக்கிரம் பிடித்துவிடும்.

மேலூர்:
பியானோ கலைஞர் பில் எவன்ஸின் டிரியோவில் தொடங்குங்கள். 1961 ஜூன் 25, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் பதிவானது. ஸ்காட் லஃபாரோவின் பேஸ் தாளத்தைத் தாங்குவதோடு நிற்காமல் பியானோவுக்குப் பதில் பேசிக்கொண்டே வரும், பால் மோஷன் பிரஷ்ஷால் டிரம்ஸை வருடுவார். ஹெட்போனில் கேட்டால் கிளாஸ் உரசும் சத்தம்கூடக் கேட்கும். அடுத்த மாதமே லஃபாரோ கார் விபத்தில் இறந்துவிட்டார், 25 வயதுதான். மனசு ஆறவே இல்லை.

திருமங்கலம்:
சரி, இன்னொன்று. டிரியோ வாசிக்கும் பாட்டையே முதலில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் (Ella Fitzgerald) பாடியிருந்தால் அதைக் கேட்டுவிடுங்கள். வரிகள் மனசில் இருந்தால் வழி தவறாது. அப்புறம் 1983-இல் கீத் ஜாரெட் (பியானோ), கேரி பீகாக் (பேஸ்), ஜாக் டிஜானெட் (டிரம்ஸ்) சேர்ந்து வாசித்ததற்குப் போகலாம்.