தொட்டி எழுதிய உயில்

குழு: தோப்பு வீடு

வெள்ளிக்கிழமை

[காலை 6.10] பெரியப்பா: செவ்வாய்க்கிழமை முதல் மாடித் தொட்டி 78 விழுக்காடு நிறைந்திருப்பதாகவே செல்பேசி காட்டுகிறது. அதை நம்பி மூன்று நாளாக மோட்டாரைப் போடவில்லை. இன்று பல் துலக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இத்தனை நாள் நாங்கள் புழங்கிய தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று உன் சென்சாரிடம் கேட்டுச் சொல், பாப்பா.

[காலை 6.14] அத்தை: ஏணி போட்டு ஏறி மூடியைத் திறந்து பார்ப்பதுபோல வராது என்று நான் அப்போதே சொன்னேன், அண்ணா.

[காலை 6.16] பெரியப்பா: ஏணியில் ஏற என் முழங்கால் ஒத்துழைத்திருந்தால் இந்தப் பெட்டியே வந்திருக்காது.

[காலை 6.31] நான்: மன்னியுங்கள் பெரியப்பா, பிழை என்னுடையது. மூன்று நாள் ஓர் இலக்கமும் மாறாமல் நின்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். அந்த சென்சார் தண்ணீரை நோக்கி ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணக்கிடுவதால், யாரும் குழாயைத் தொடாத நள்ளிரவில்கூட அதன் அளவு ஒன்றிரண்டு விழுக்காடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாடிப்படி முடிகிற இடத்தில் உள்ள வெள்ளைப் பெட்டியில் நீல விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

[காலை 6.44] பெரியப்பா: எரியவில்லை. அடாப்டர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டு ஒயரில் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை தேங்காய் வெட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் செல்பேசிக்குச் சார்ஜ் போட இடம் கேட்டார். மாடிப்படியில் பிளக் இருக்கிறது என்று கைகாட்டியவன் நான்தான்.

[காலை 6.47] அத்தை: ஆக, உயிரில்லாத பெட்டி மூன்று நாளாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

[காலை 7.05] நான்: அதேதான், அத்தை. மாடியில் இருக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை நம் செல்பேசிகளோடு நேராகப் பேசுவதில்லை. அது நிமிடத்துக்கு ஒரு முறை, வீட்டு வைஃபை வழியாக, இணையத்தில் இருக்கும் புரோக்கருக்கு, அதாவது எம்கியூடிடி என்ற முறையில் கருவிகளின் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நடுக் கணினிக்கு, “தோப்பு/மாடி/தொட்டி/மட்டம்” என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணை அனுப்புகிறது. செல்பேசியில் நாம் பார்க்கும் டேஷ்போர்டு அந்தத் தலைப்புக்குச் சந்தா கட்டியிருப்பதால், வந்த எண்ணை வாங்கி நமக்குக் காட்டுகிறது. யாராவது செல்பேசியைத் திறக்கும்போது திரை வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, கடைசியாக வந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கொடு என்று புரோக்கரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு ரீடெய்ன் என்று பெயர். செவ்வாய்க்கிழமை வந்த 78ஐத்தான் அது பத்திரமாக வைத்திருந்து இன்று காலைவரை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

[காலை 7.09] அத்தை: புரோக்கரா? நம் பக்கத்தில் புரோக்கர் என்றாலே இரண்டு கையிலும் கமிஷன் வாங்குகிறவர்தான். தொட்டிக்கு எதற்கு அவர்?

[காலை 7.15] நான்: இவர் கமிஷன் வாங்காத புரோக்கர். விற்கிறவருக்கு வாங்குகிறவரைத் தெரியாது, வாங்குகிறவருக்கு விற்கிறவரைத் தெரியாது, நடுவில் இருப்பவருக்கு இருவரையும் தெரியும் என்பதில் மட்டும் நம் ஊர்க்காரரைப் போன்றவர். பெரியப்பாவுக்காக ஒன்று: தலைப்பைத் தமிழிலேயே வைக்க எம்கியூடிடி இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாகும், அவ்வளவுதான்.

[காலை 7.40] அண்ணன்: செய்திகளை க்யூஓஎஸ் என்ற உறுதிப்பாட்டின் 2ஆம் படியில் அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதே, பாப்பா? ஒரே ஒரு முறை, கட்டாயம் போய்ச் சேரும் என்பதுதானே அதன் பொருள்?

[காலை 7.52] நான்: அனுப்பிய செய்தி வழியில் தொலையாமல் இருக்கத்தான் அது உதவும், அண்ணா. 0 என்றால் அனுப்பிவிட்டு மறந்துவிடும். 1 என்றால் வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைக்கும்வரை விடாது, அதனால் ஒரே செய்தி இரண்டு முறையும் போகலாம். 2 என்றால் நான்கு முறை கைமாறி ஒரே ஒரு முறை மட்டும் போய்ச் சேரும். நிமிடத்துக்கு ஒரு முறை வருகிற நீர்மட்டத்துக்கு 0 போதும். நம் பெட்டியோ மூன்று நாளாக எதையும் அனுப்பவே இல்லை. வாய் மூடிக் கிடந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதற்கும் எம்கியூடிடியில் வழி உண்டு. 1999ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். ஆளில்லாத இடத்தில் இருக்கும் கருவி பேசவில்லை என்றால், சொல்ல ஒன்றும் இல்லாமல் பேசவில்லையா, இல்லை கருவியே போய்விட்டதா என்று அங்கே தெரிந்தாக வேண்டும். நம் மாடிக்கும் அதே கதைதான். நாளை தம்பி தோப்புக்கு வருகிறான் அல்லவா, அவனிடம் புதிய நிரலைக் கொடுத்தனுப்புகிறேன்.

[இரவு 9.20] நான்: உயிலை எழுதி முடித்துவிட்டேன். இனி யார் போனாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லோருக்கும் தகவல் வந்துவிடும்.

[இரவு 9.21] அத்தை: கடவுளே, யாருடைய உயில்? அண்ணா, உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

[இரவு 9.24] பெரியப்பா: நான் இப்போதுதான் மூன்றாவது தோசையைச் சாப்பிட்டு முடித்தேன். பாப்பா, செய்தியை முழுமையாக எழுது என்று உனக்கு எத்தனை முறை சொல்வது?

[இரவு 9.38] நான்: பொறுத்துக்கொள்ளுங்கள், அத்தை. அந்த வசதியின் பெயரே உயில்தான். பலகை புரோக்கரிடம் முதலில் வந்து சேரும்போதே, “சொல்லாமல் கொள்ளாமல் நான் காணாமல் போனால், தோப்பு/மாடி/தொட்டி/நிலை என்ற தலைப்பில் ‘இல்லை’ என்று எனக்காக அறிவித்துவிடு” என்று எழுதிக் கொடுத்துவிடும். சேர்ந்த கையோடு அதே தலைப்பில் “உண்டு” என்று தானே ஒரு செய்தியும் போடும். உயிரோடு இருக்கிறேன் என்று குறைந்தது 60 வினாடிக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஓசை கொடுப்பதாகவும் ஒப்புக்கொள்ளும். அதைப்போல ஒன்றரை மடங்கு நேரம், அதாவது 90 வினாடி, எந்த ஓசையும் வரவில்லை என்றால் புரோக்கர் இணைப்பை அறுத்து உயிலைப் படித்துவிடும். “இல்லை” வந்ததும் டேஷ்போர்டு எண்ணை மறைத்துவிடும், நம் எல்லோருடைய செல்பேசிக்கும் அறிவிப்பு அனுப்பும்.

[இரவு 9.45] அண்ணன்: மின்சாரம் போனாலும் “இல்லை”, வைஃபை போனாலும் “இல்லை”, தெருவில் ஃபைபர் அறுந்தாலும் “இல்லை” என்றுதானே வரும்?

[இரவு 9.48] நான்: ஆமாம் அண்ணா, எது போனது என்று இதனால் பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லும்.

சனிக்கிழமை

[பிற்பகல் 3.05] தம்பி: அக்கா, மாடிப் பலகையில் புதிய நிரலை ஏற்றிவிட்டேன். கிணற்று மோட்டார் அறைக்காக வாங்கிய பேட்டரிப் பலகையிலும் அதையே ஏற்றி, மேசைமேல் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

[பிற்பகல் 3.19] அத்தை: தொட்டி உண்டு, தொட்டி இல்லை, தொட்டி உண்டு, தொட்டி இல்லை என்று என் செல்பேசி கால் மணி நேரமாகக் கத்துகிறது. உங்கள் மாமா தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

[பிற்பகல் 3.27] நான்: தம்பி, இரண்டாவது பலகையின் ஒயரை உடனே கழற்று. நிரலில் “தோப்பு1” என்று இருந்த பெயரை நீ மாற்றவில்லை அல்லவா? ஒரே பெயரோடு இரண்டு பேர் வந்தால் புரோக்கர் பழையவரை வெளியே தள்ளிவிட்டுப் புதியவரை உள்ளே விடும். தள்ளப்பட்ட பலகை சில வினாடியில் மறுபடி வந்து மற்றதைத் தள்ளும், ஒவ்வொரு தள்ளுக்கும் ஓர் உயில் படிக்கப்படும். ஒவ்வொரு பலகைக்கும் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் மேக் முகவரியின் கடைசி ஆறு எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிவிட்டால் இனி மோதல் வராது. தலைப்பில் “மாடி” என்பதைக் “கிணறு” என்றும் மாற்று.

[பிற்பகல் 4.02] தம்பி: மாற்றிவிட்டேன், அமைதியாகிவிட்டது. பேட்டரிப் பலகை 15 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, அளவைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகும். அதற்கும் இந்த உயில் போதுமா?

[பிற்பகல் 4.20] நான்: போதாது. போய்வருகிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டு இணைப்பை முடிக்கிறவரின் உயிலைப் புரோக்கர் கிழித்துப் போட்டுவிடும். கிணற்றுப் பலகை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் தூங்கப் போகிறது, ஆகவே அது தூக்கத்திலேயே பேட்டரி தீர்ந்து போனாலும் யாரும் அறிவிக்க மாட்டார்கள். அதற்கு மட்டும் டேஷ்போர்டிலேயே விதி போட்டிருக்கிறேன். 40 நிமிடம் புதிய அளவு வராவிட்டால் எண் சாம்பல் நிறமாகி, எத்தனை மணிக்கு வந்த அளவு என்பது பக்கத்தில் தெரியும்.

[மாலை 5.10] பெரியப்பா: இவ்வளவு செய்கிறாய், தொட்டி குறைந்தால் மோட்டாரும் தானாக ஓடும்படி செய்துவிடலாமே?

[மாலை 5.34] நான்: இப்போதைக்கு வேண்டாம், பெரியப்பா. அளவுக்குப் போட்டதைப் போலக் கட்டளைக்கும் யாராவது மறதியாக ரீடெய்ன் போட்டுவிட்டால், திங்கட்கிழமை கொடுத்த “ஓடு” என்ற கட்டளை புரோக்கரிடமே தங்கியிருந்து, வியாழக்கிழமை மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் மோட்டாரைக் கிளப்பிவிடும். பழைய அளவை நம்பினால் குழாயில் காற்று வரும், பழைய கட்டளையை நம்பினால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். சுவிட்ச் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 7.42] அத்தை: மாடித் தொட்டி இல்லை என்று வருகிறது. மறுபடியும் யார் செல்பேசிக்குச் சார்ஜ் போட்டது?

[காலை 7.43] பெரியப்பா: நான்தான் பிடுங்கினேன். ஒன்றரை நிமிடம் என்று பாப்பா சொன்னதைச் சரிபார்க்கக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். 71 வினாடியிலேயே வந்துவிட்டது. மீதி 19 வினாடி எங்கே?

[காலை 7.50] நான்: கடைசி ஓசையிலிருந்துதான் புரோக்கர் எண்ணத் தொடங்கும், பெரியப்பா. நீங்கள் பிடுங்குவதற்கு 19 வினாடிக்கு முன்பு தொட்டி ஓர் அளவை அனுப்பியிருக்கிறது.

[காலை 7.53] பெரியப்பா: கணக்குச் சரி. திரும்பச் செருகிவிட்டேன், “உண்டு” என்றும் வந்துவிட்டது. மட்டம் 31 விழுக்காடு என்று காட்டுவதால் மோட்டாரைப் போடப் போகிறேன். சார்ஜ் போட வருகிறவர்களுக்காகக் கூடத்துப் பிளக்கின் மேல் ஓர் அட்டையும் எழுதி ஒட்டிவிட்டேன்.