எட்டு வருஷமா நின்ன செயின் லோடர்: ஸ்டார்ட்டர் அடிக்கலாமா?

அல்சூர்க்காரன்:
வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு யார்டுல கேட்டர்பில்லர் 955எல் செயின் லோடர் (டயருக்குப் பதிலா இரும்புச் செயின்ல ஓடுற, மண் அள்ளுற வண்டி) விலைக்கு நிக்குது. 3304 இன்ஜின், 4 சிலிண்டர். எட்டு வருஷமா யாரும் கை வைக்கல. சைலன்சர் வாய் திறந்தே கிடந்திருக்கு. டிப்ஸ்டிக்ல ஆயில் கோட்டுக்கு மேலே நிக்குது, நிறம் பால் டீ மாதிரி. வலது செயின்ல நாலஞ்சு லிங்க் மடங்குன வாக்கிலேயே இறுகிப் போச்சு. பக்கெட் பின்கள்ல நல்ல ஆட்டம். இடது லிஃப்ட் சிலிண்டர் ராடுல துருப்புள்ளி. "ரெண்டு பேட்டரி வெச்சு அடிச்சா எடுத்துக்கும்"னு யார்டுக்காரர் சொல்றார். அடிக்கலாமா? வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

டீசல்பெஞ்ச்:
அடிக்காதீங்க தம்பி. சைலன்சர் வாய் திறந்திருந்தா மழைத்தண்ணி டர்போ வழியா சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கும். தண்ணி அமுங்காது. ஸ்டார்ட்டர் போட்ட வேகத்துல கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், இல்ல பிஸ்டன் ரிங் உடையும்.

முதல்ல சம்ப் பிளக்கை (இன்ஜின் அடியில ஆயில் வடிக்கிற மூடி) கொஞ்சமா தளர்த்துங்க. தண்ணி அடியில தங்குறதால அதுதான் முதல்ல வரும். எவ்வளவு வருதுன்னு ஒரு வாளியில பிடிச்சுப் பாருங்க. அப்புறம் நாசிலையும் (டீசல் தெளிக்கிறது) க்ளோ பிளக்கையும் (ஸ்டார்ட்டுக்கு முன்ன சூடாக்குறது) கழட்டிட்டு, ஒவ்வொரு சிலிண்டர்லயும் 50 மில்லி ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்), டீசல் கலவை ஊத்தி மூணு நாள் ஊற விடுங்க. ராக்கர் கவரையும் (வால்வுகளை அமுக்குற ராக்கருக்கு மேல இருக்கிற மூடி) திறந்து வையுங்க. ஸ்டார்ட்டரைக் கழட்டினா அந்த ஓட்டையில ரிங் கியர் (ஃப்ளைவீலைச் சுத்தியிருக்கிற பல் வளையம்) தெரியும். அதுல லிவர் பார் வெச்சு முன்னும் பின்னும் மெதுவா அசைக்கணும். ஒரு பல் நகர்ந்தாலும் போதும், மறுபடி ஊற விடுங்க. சுத்த ஆரம்பிச்சதும் கண்ணு ராக்கர் மேலதான் இருக்கணும். ஏதாவது ஒரு வால்வு கீழே போய்த் திரும்ப மேலே வரலைன்னா அங்கேயே நிறுத்துங்க. அதுக்கு மேல சுத்தினா புஷ் ராடு வளையும், பிஸ்டன் வால்வை இடிக்கும். ஒரு வாரம் ஊறியும் அசையலைன்னா ஹெட்டைத் தூக்கித்தான் ஆகணும். லைனர் (சிலிண்டர் உள்ளுறை) வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் கூலன்ட் தொடுற வகை, மாத்திக்கலாம்.

பலர் விட்டுடுறது டீசல் பம்பு. பழைய டீசல் உள்ளே பிசினா உறைஞ்சு, அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக்கோ ஸ்லீவோ ஒரே இடத்துல ஒட்டிக்கும். அது ஃபுல் டீசல் நிலையில ஒட்டியிருந்தா, ஸ்டார்ட் ஆன அடுத்த நொடி இன்ஜின் கட்டுக்கடங்காம ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. டேங்க் குழாயை மூடினாலும் ஃபில்டர்ல இருக்கிற டீசல் தீர்ற வரைக்கும் ஓடும், அதுக்குள்ள இன்ஜின் போயிடும். அதனால பம்பைக் கழட்டி பீன்யா தொழிற்பேட்டையில பெஞ்சு டெஸ்ட் போட்டு, நாசிலையும் அங்கேயே பார்த்துட்டு மாட்டுங்க. முதல் ஸ்டார்ட் அன்னிக்கு ஏர் கிளீனர் பைப்பைக் கழட்டிட்டு, டர்போ வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு தடிப் பலகையோட ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். கையாலயோ துணியாலயோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துடும்.

வால்வு கிளியரன்ஸ் இன்டேக் 0.38, எக்ஸாஸ்ட் 0.64 மி.மீ. க்ளோ பிளக் வண்டிக்கு ஈதர் ஸ்ப்ரே அடிச்சா முன்னறையிலேயே (டீசல் முதல்ல பத்திக்கிற சின்ன அறை) வெடிக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, டர்போ ஆயில் லைனைக் கழட்டி கொஞ்சம் ஆயில் ஊத்தி, டீசலை நிறுத்தி வெச்சு ஆயில் பிரஷர் முள் எழுந்திருக்கிற வரைக்கும் கிராங்க் பண்ணுங்க. ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல வேண்டாம். அதுக்கப்புறம்தான் டீசலைத் திறக்கணும்.

ரோலர்_ஐட்லர்:
மேலே சொன்னது சரி. ஆனா வாங்கலாமா வேண்டாமாங்கிற முடிவு இன்ஜின்ல இல்ல, அடிவண்டியில இருக்கு. செயின், ரோலர் (செயின் மேல உருளுற சக்கரம்), ஐட்லர் (முன்பக்க வழிகாட்டிச் சக்கரம்), ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கிற பல் சக்கரம்) எல்லாம் சேர்ந்து போயிருந்தா அந்தச் செலவு இன்ஜின் வேலையைத் தாண்டிடும்.

செயினை முதல்ல இழுத்து விறைப்பாக்கணும், தொங்குன செயின்ல எடுத்த அளவு பொய். நாலு லிங்க் தூரத்தைப் பின் நடுவுல இருந்து பின் நடுவுக்கு டேப் பிடிச்சு, நாலால வகுத்து, பார்ட்ஸ் புத்தகத்துல இருக்கிற புது பிட்ச்சோட (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்) ஒப்பிடுங்க. அப்புறம் புஷ்ஷை (பின்னைச் சுத்தியிருக்கிற குழாய்) விரலால தடவிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பள்ளம், விரிசல் இல்லைன்னா டிராக் பிரஸ்ல பின்னையும் புஷ்ஷையும் பாதிச்சுத்து திருப்பிப் போட்டா இன்னொரு ஆயுள் கிடைக்கும். இது ஒரே ஒரு தடவைதான். ஸ்ப்ராக்கெட் பல் கத்தி மாதிரி கூராயிருந்தா அதுமேல புதுச் செயின் மாட்டாதீங்க. பிட்ச் ஒத்துக்காம புதுசையும் தின்னுடும்.

இறுகின லிங்க்கை கேஸ் வெச்சு சுடாதீங்க, சீல் எரிஞ்சிடும். சேத்தை வாட்டர் ஜெட்டுல அடிச்சு எடுத்துட்டு, மூட்டுல மெல்லிய ஆயில் விட்டு, வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகு முதல் கியர்ல நேர்க்கோட்டுல முன்ன பின்ன ஓட்டினாலே பாதி இளகிடும்.

ரோலர் ஓரத்துல ஆயில் ஈரம் இருந்தா சீல் போச்சு. பக்கெட்டை ஊன்றி வண்டியைத் தூக்கினா, கீழே கட்டை அடுக்காம கை வைக்காதீங்க. செயின் தளர்த்துறப்போ, கிரீஸ் அழுத்தத்துல செயினை இறுக்குற அட்ஜஸ்டரோட வால்வை ஒரு சுத்துக்கு மேல திறக்கக் கூடாது, அதுக்கு நேரா முகத்தையும் வைக்கக் கூடாது. அந்த கிரீஸ் தோலைத் துளைச்சுட்டு உள்ளே போகும்.

அல்சூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. பிளக் திறந்ததுல சுமார் ரெண்டு லிட்டர் தண்ணி. ஊற வெச்சிருக்கேன். கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயிலை இன்ஜின் ஓடின பிறகு மாத்தினா போதுமா?

மண்வெட்டி:
போதாது, ஓட்டுறதுக்கு முன்னாடியே மாத்தணும். கியர் பாக்ஸ் காந்த வலையைக் கழட்டி வெள்ளைத் துணியில தட்டுங்க. தங்கப்பொடி மாதிரி மினுக்கினா கிளட்ச் டிஸ்க் தேயுது. ஊசி ஊசியா இரும்பு வந்தா பேரிங் இல்ல கியர். கறுப்புத் துணுக்கு சீல், ஹோஸ். ஃபில்டரையும் வெட்டிப் பாருங்க, ஆனா ஹாக்ஸா வேண்டாம். அதோட பொடி எது, வண்டியோட பொடி எதுன்னு தெரியாது.

கியர் பாக்ஸுக்கு டி.ஓ-4 தரத்துல (கேட்டர்பில்லர் வகுத்த ஆயில் தரம்) எஸ்.ஏ.இ. 30 (ஆயில் தடிமன் எண்). ஃபைனல் டிரைவுக்கு (ஸ்ப்ராக்கெட்டைச் சுத்துற கடைசி கியர்) அதே தரத்துல 50. ஹைட்ராலிக்குக்கு 10. மிச்சம் இருக்குதேன்னு 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை கியர் பாக்ஸ்ல ஊத்தினா டிஸ்க் வழுக்கும்.

டேங்க்ல இருந்து பம்புக்குப் போற ஹைட்ராலிக் சக்ஷன் ஹோஸ் வெளியில நல்லா தெரிஞ்சாலும் மாத்திடுங்க. விறைச்ச ஹோஸ் ஆயிலைச் சிந்தாது, காத்தை இழுக்கும். டேங்க்ல நுரை வரும், பம்பு கத்தும். துருப்புள்ளி விழுந்த ராடுக்கு சீல் கிட் மட்டும் போட்டா ஒரு மாசம் தாங்காது. பீன்யாவுல ராடைக் கடைஞ்சு ஹார்டு குரோம் போட்டுட்டு சீல் போடுங்க. லீக் தேடுறப்போ அட்டைத் துண்டைப் பிடிச்சுத் தேடுங்க, கையால இல்ல.

பின் ஆட்டத்துக்கு புஷ் மட்டும் அடிச்சு இறக்கினா வேலைக்காகாது, ஓட்டையே முட்டை வடிவமாயிருக்கும். வெல்டிங் நிரப்பி, யார்டுக்கே மெஷினைக் கொண்டு வந்து லைன் போரிங் (ஓட்டைகளை ஒரே நேர்க்கோட்டுல கடையிறது) பண்றவங்களைக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி லோடர் கையைத் தூக்கி லாக் போட்டு, கட்டையும் கொடுக்கணும். வெல்டிங் நேரத்துல பேட்டரி கேபிளைக் கழட்டி வெச்சிடுங்க. எர்த்தை வெல்டிங் பண்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கணும், தள்ளிப் பிடிச்சா கரண்ட் பேரிங் வழியா ஓடி அதையும் கெடுக்கும்.