மறு: இதயத்துக் கொழுப்புக்கு ஒரு சொல் (வியாழன் அச்சுக்குப் போகுது)

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கான கைநூல். ஒரு பந்தியில் நிற்கிறேன். இதயத் தசைக்கு மேல், இதயவுறைக்கு உள்ளே படிகிற கொழுப்பு. அது தடித்திருந்தால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சோணையறை தாளம் தப்பித் துடிக்கும் ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 'இதயப்புறக் கொழுப்பு' எழுதியிருக்கிறேன். சரியா?

கல்முனை, உயிரியல் ஆசிரியர்:
சரிவராது தம்பி. உறைக்கு வெளியிலயும் கொழுப்பு இரிக்கு, 'புறம்' அதுக்குத்தான் பொருந்தும். உள்ளே இருக்கிறதுக்கும் தசைக்கும் நடுவில தடுப்புச் சவ்வே இல்ல. இரண்டுக்கும் இதயத் தசைக்கு ஊட்டுற முடியுருநாடிக் குருதிதான். அதனால கொழுப்பு சுரக்கிற அழற்சிப் பொருள்கள் நேரே தசைக்குள்ள இறங்குது. 'உறையுட் கொழுப்பு' போடுங்க.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உண்டி, உடை, உறையுள்! கொழுப்புக்கு வீடு கட்டிக் கொடுக்கிறீர்களா? 'உறைக்கொழுப்பு' என்றால், அச்சில் ஒரு ஒற்று விழுந்தால் போதும், வினைத்தொகையாகி உறைகின்ற கொழுப்பு ஆகிவிடும். கொழுப்புக்குச் சங்கப் பாட்டில் நிணம் இருக்கிறது. இதயம் வடசொல், குலை நம் சொல். 'குலைநிணம்' என்க. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னைக்கே போய்க் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்றார். அந்த மண்ணிலிருந்து கடன்சொல்லா?

ஏறாவூர், தாதி:
சேர் கோவிக்கப்படாது. வாட்டில 'குலைநிணம்' என்று வாசிச்சா அந்த மனிசனுக்கு அப்பவே துடிப்புத் தப்பும். 'கொழுப்பு' என்றதே கரைச்சல். ஒரு மூத்தம்மாட்ட எக்கோ ஸ்கேனில கொழுப்புத் தெரியுது என்றன், "எனக்கா புள்ள கொழுப்பு?" என்று முகத்தைத் திருப்பிட்டா. எனக்கு அந்தத் தாளம் தப்புற துடிப்புக்குத்தான் சொல் வேணும். பைபாஸ் செய்தவங்களில 100 பேரில 20–30 பேருக்கு அது வருது, கூடுதலா 2ஆம், 3ஆம் நாள். கன பேருக்குத் தானா அடங்கும். அடங்காம சோணையறையில குருதி தேங்கிக் கட்டினா, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம். 'சோணைக் குறுநடுக்கம்' என்றா கை நடுக்கம் என்று நினைப்பாங்க.

சென்னை, உறுப்பினர்:
மன்னிக்கவும், சோணை என்றால் என்ன?

கல்முனை:
காதுச் சோணை கேள்விப்படல்லயா? லத்தீன்காரன் இதய மேலறையைச் 'சிறுகாது' என்றான், எங்கட பாடநூல் காதைப் பிடிச்சிக்கிட்டு. தமிழ்நாட்டில நீங்க 'மேலறை' என்றீங்க. நிற்க. 'இதயவொட்டுக் கொழுப்பு' எப்படி? தடுப்பில்லாமல் தசையோட ஒட்டியிருக்கிறது அதிலயே விளங்கும்.

ஏறாவூர்:
பைபாஸில காலிலிருந்து எடுத்துப் பொருத்துற நாளத்தையும் 'ஒட்டு' என்றுதானே 9ஆம் பக்கத்தில இரிக்கு? புது ஒட்டில கொழுப்பு என்று அழுவாங்க.

களுவாஞ்சிக்குடி:
'படிகொழுப்பு' என்றாலும் நாடிக்குள் படிகிறது என்று கொள்வார்கள். நிணம் என்றால் இத்தனை சிக்கலில்லை. 'நிணநீர்' ஏற்கெனவே வழக்கில்.

கல்முனை:
அதுதான் சிக்கல் சேர்! நிணநீர் வேற சாமான்.

மட்டக்களப்பு:
நேரமில்லை. 'இதயமேற்கொழுப்பு' என்று போட்டு, முதல் இடத்தில் "இதயவுறைக்குள், தசையோடு ஒட்டிய கொழுப்பு" என்று விரித்திருக்கிறேன். துடிப்புக்கு உள்ளே 'சோணைத் தாளப்பிறழ்வு', தலைப்பில் தாதி கேட்டபடி 'துடிப்புத் தப்புதல்'. மூன்று பேர் சம்மதம்.

களுவாஞ்சிக்குடி:
மேற்கொழுப்பு என்றால் இதயத்தின் மேற்பாதிக் கொழுப்பு என்றும் பொருள் வரும். அச்சாகட்டும். மெய்ப்புப் பார்த்தோர் பட்டியலில் என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.