பின்னேரமானால் தலையைச் சுத்தி இறுக்குது, பிடரியில இருந்துதான் வருதோ?

ஆரி_கோண்டாவில்:

எல்லாருக்கும் வணக்கம், நான் கோண்டாவில், வயசு 43. வீட்டில இருந்து சாறி பிளவுசுக்கு ஆரி வேலை செய்து குடுக்கிறன். ஆவணிக் கலியாணம் எண்டால் எனக்கு ஆனியிலயே நித்திரை போயிடும், ஒரு கலியாணப் பொம்பிளையின்ர பிளவுஸ் முடிக்க 4 நாள், முதுகுப் பக்கம் மணி கூட எண்டால் 5.

பிரச்சினை என்னெண்டால் விடிய எழும்பேக்க ஒண்டும் இல்லை. 9 மணிக்கு ஃபிரேமுக்கு முன்னால சம்மணம் கட்டி இருந்தால் மத்தியானம் மட்டும் பிடரியும் தோளும் சும்மா உழையும், அதை நான் கணக்கெடுக்கிறேல்லை. 3 மணி 4 மணி ஆகத்தான் தலையிடி துவங்கும், ஈரத் துவாயால தலையைச் சுத்தி வரிஞ்சு கட்டின மாதிரி, ரெண்டு பக்கமும், நெத்தியும் சேர்த்து. விண் விண் எண்டு இடிக்கிறேல்லை, சத்தி வாறேல்லை, எழும்பி நடந்தால் கூடுறதும் இல்லை, அதோடயே சமைக்கிறன், சந்தைக்கும் போறன், ஆனா படுக்கும் மட்டும் அந்த இறுக்கம் விடாது.

முதல்ல கோடாலித் தைலம் பூசுவன், ஒரு அரை மணித்தியாலம் சுகம். பிறகு 2 பனடோல், அதுதான் பரசிற்றமோல் குளிசை. முந்தி கிழமைக்கு ஒருக்காப் போட்டது இப்ப கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் எண்டு வையுங்கோவன். மகள் போன்ல என்னவோ பார்த்திட்டு வந்து தலை குனிஞ்சால் கழுத்தில 27 கிலோ பாரமாம் எண்டு பயப்படுத்துறாள், அரை மூட்டை அரிசியை விடக் கூட எல்லோ அது! பிரஷர் பார்த்தனான், ஒண்டும் இல்லை எண்டிட்டினம். எனக்கு விளங்காதது, நோகிறது நெத்தி, இதுக்குப் பிடரி என்ன செய்யும்? ஆருக்காவது இப்பிடி இருந்து மாறினதோ?

சுன்னாகத்தான்:

அக்கா எனக்கும் இதேதான், நான் ஓட்டோ ஓடுறன். சலூனில முடி வெட்டி முடிய நாடியையும் தலையையும் பிடிச்சு ரெண்டு பக்கமும் டக் டக் எண்டு முறிச்சு விடுவினம், அண்டைக்கு முழுக்கக் கழுத்து பஞ்சு மாதிரி. ரெண்டு நாளால திரும்ப வந்திடும் எண்டது வேற கதை. நீங்களும் தெரிஞ்ச ஆக்களைக் கொண்டு ஒருக்கா முறிப்பிச்சுப் பாருங்கோ.

பிசியோ_திருநெல்வேலி:

சுன்னாகத்தான் அண்ணை, குறை நினைக்காதேங்கோ, அந்த முறிப்பை இண்டையோட விடுங்கோ. கழுத்தெலும்பு 7இல மேல இருக்கிற 6க்குள்ளாலயும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இரத்தக்குழாய் ஏறி மூளைக்கு இரத்தம் கொண்டு போகுது. சடாரெண்டு திருப்பேக்க அந்தக் குழாயின்ர உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த ஆக்கள் இருக்கினம். அருமையா நடக்கிறதுதான், ஆனா உங்களுக்கு நடந்தால் ஓட்டோவை ஆர் ஓடுறது?

அக்கா, உங்கட கேள்விக்கு வாறன். ரெண்டு கை விரலையும் மண்டையோட்டின்ர கீழ்விளிம்பில, பிடரிக் குழிக்கு ரெண்டு பக்கமும் அமத்தி வைச்சுக்கொண்டு கண்ணை மூடுங்கோ. இப்ப தலையை அசையாமல் வைச்சு கண்முழியை மட்டும் இடம் வலமா உருட்டுங்கோ. விரலுக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி ஒண்டு துடிக்கும், உடன பிடிபடாட்டிக் கொஞ்சம் உள்ளுக்கு அமத்துங்கோ. அதுதான் ஆள். 4 சோடி சின்னத் தசை, மண்டையோட்டையும் மேல் ரெண்டு கழுத்தெலும்பையும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கு. கண் எங்க போகுதோ அதுக்கேத்த மாதிரித் தலையை நுணுக்கமா நேர்ப்படுத்துறது இவையின்ர வேலை, பாரம் தூக்கிறது இல்லை. நீங்கள் மணியைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்கிற நேரம் முழுக்க இவை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.

நெத்திக்கும் பிடரிக்கும் என்ன தொடர்பெண்டால், கழுத்தின்ர மேல் 3 நரம்பும் நெத்தி, முகத்து நோவை உணர்ற நரம்பும் மூளைத்தண்டுக்குக் கீழ ஒரே இடத்திலதான் போய்ச் சேருது. ஒரு ஒழுங்கையில ரெண்டு வீட்டுக்கு ஒரு கேற் எண்டு வையுங்கோ, கேற்றில தட்டுற சத்தம் கேட்டால் எந்த வீட்டுக்கு ஆள் வந்தது எண்டு தெரியாதெல்லோ. பிடரியில இருந்து வாற நோவை மூளை நெத்தியில எண்டு எடுத்துக்கொள்ளும். தோளில இருந்து கழுத்துக்கு ஏறுற பெரிய தசையை இரண்டு விரலால கிள்ளிப் பிடிச்சுப் பாருங்கோ, கனபேருக்கு அது கண்ணுக்கும் காதுக்கும் இடையில பொட்டுப் பக்கம் போய் நோகும். காதுக்குப் பின்னால இருந்து காறை எலும்புக்கு இறங்கிற தசை கண்ணுக்கு மேல நோவைக் குடுக்கும்.

27 கிலோக் கதை, அது நியூயோர்க்கில ஒரு முள்ளந்தண்டு சேர்ஜன் 2014இல கொம்பியூட்டரில போட்ட கணக்கு. தலை சும்மா 5 கிலோ அளவு, 15 பாகை குனிஞ்சால் 12, 60 பாகை குனிஞ்சால் 27 எண்டு வரும். ஒருத்தற்ற கழுத்திலயும் தராசு வைச்சு அளந்ததில்லை. தலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு ஒரு நோவும் இல்லாமல் திரியிற ஆக்கள் எத்தினை பேர். என்ர அனுபவத்தில குனியிறது குற்றமில்லை, குனிஞ்ச மேனிக்கு 2 மணித்தியாலம் எழும்பாமல் இருக்கிறதுதான் ஆளைக் கொல்லுது. நிமிர்ந்து சிலை மாதிரி 2 மணித்தியாலம் இருந்தாலும் நோகும்.

ஒரு பயிற்சி சொல்லுறன். பாயில தலையணி இல்லாமல் மல்லாந்து படுங்கோ, பிடரி உயருதெண்டால் துவாயை மடிச்சு வையுங்கோ. ஆரோ கேட்டதுக்கு ஓம் எண்டு லேசாத் தலையாட்டுற மாதிரி நாடியைத் தொண்டைப் பக்கம் கொண்டு வாங்கோ, தலை பாயை விட்டு எழும்பக்கூடாது. 10 செக்கன் பிடிச்சு விடுங்கோ, 10 தரம். கழுத்தின்ர முன்பக்கத்தில, தொண்டைக்குப் பின்னால கிடக்கிற தசைக்குத்தான் இது. தொண்டையில ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி எழும்பினால் நீங்கள் பலமாச் செய்யிறீங்கள், பாதியாக் குறையுங்கோ. பார்க்கச் சிரிப்பா இருக்கும், ஆனா அவுஸ்திரேலியாவில 2002இல கழுத்தால வாற தலையிடிக்காரர் 200 பேரில இந்த மாதிரிப் பயிற்சியைச் செய்து பார்த்தவை, ஒரு வருசத்துக்குப் பிறகும் தலையிடி குறைவாத்தான் இருந்தது. உங்களுடையது சரியா அந்த வகை இல்லை, அது கூடுதலா ஒரு பக்கம்தான் வரும், ஆனாலும் செய்யிறதில நட்டம் இல்லை.

வாட்_மிஸ்ஸி:

நான் ஆஸ்பத்திரி வேலை, இரவு டியூட்டி முடிஞ்சு வந்து எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கோ. எல்லாரும் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள், அக்கா சொன்ன ஒரு வசனத்தை ஒருத்தரும் பார்க்கேல்லை. "கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் 2 பனடோல்."

அக்கா, ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, இடிக்காமல், சத்தி இல்லாமல், நடந்தால் கூடாமல் வாறதைத்தான் டென்ஷன் தலையிடி எண்டுறது. அரை மணித்தியாலத்தில இருந்து 7 நாள் மட்டும் இருக்கும். மாசத்தில 15 நாளோ அதுக்கு மேலயோ, 3 மாசத்துக்குக் கூட இப்பிடி வந்தால் அது நாட்பட்ட வகை. அதே 15 நாள் கணக்கு பனடோலுக்கும் இருக்கு. மாசத்தில 15 நாளுக்கு மேல 3 மாசமாப் போட்டுக்கொண்டு வந்தால் குளிசையே தலையிடியைக் கொண்டு வரும். கஃபீன், கொடீன் கலந்த குளிசை எண்டால் மாசத்தில 10 நாளே காணும். போட்டால் மாறும், இறங்கத் திரும்ப வரும், திரும்பப் போடுவியள், இதுக்கு ஒரு முடிவில்லை. நாளைக்கு 8 குளிசை தாண்டக்கூடாது எண்டது ஈரலுக்கான கணக்கு, அது வேற, எத்தினை நாள் போடுறியள் எண்டதுதான் இதில பிரச்சினை.

கலண்டரில தலையிடி வந்த நாளுக்கு ஒரு கீறு, பனடோல் போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கோ. ஒரு மாசம் போட்டு அதோட கிளினிக்குக்குப் போங்கோ, வாயால சொல்லுறதை விட அந்தக் கலண்டரை டொக்டர் கூடப் பார்ப்பார். பனடோலை நிப்பாட்டினால் முதல் ஒரு கிழமை, பத்து நாள் கூடத்தான் செய்யும், அதைச் சொல்லாமல் நிப்பாட்டச் சொல்லுறது பாவம். தேவையெண்டால் இரவில போட அமிட்ரிப்ரிலீன் எண்ட குளிசை சின்ன அளவில குடுப்பினம். மனவருத்தத்துக்குக் குடுக்கிறது எண்டு பெட்டியைப் பார்த்துப் பயந்து வீசிப்போட்டு வாற ஆக்கள் இருக்கினம், இதுக்கும் அதுதான் மருந்து. வாய் காயும், நித்திரை வரும். நீங்களா வாங்கிப் போடாதேங்கோ.

இப்பிடி இல்லாமல் திடீரெண்டு இடி விழுந்த மாதிரி தலையிடி, காய்ச்சலோட கழுத்து மடக்கேலாமல் விறைச்சுப் போறது, கை கால் சோர்றது, கதை குழறுறது, பார்வை மங்கிறது, விழுந்து தலை அடிபட்ட பிறகு வாறது, 50 வயசுக்கு மேல புதுசா வாறது, இதுகள் எண்டால் தைலமும் வேண்டாம், இங்க வந்து எழுதவும் வேண்டாம், நேரா பெரியாஸ்பத்திரி.

பழைய_மாஸ்ரர்:

பிள்ளை, நான் 35 வருசம் கணக்குப் படிப்பிச்சு, விடைத்தாள் திருத்தித் திருத்திக் கழுத்தைக் கெடுத்தவன். ஒரு கேள்விதான். ஊசியில நூல் கோர்க்கேக்க கையைத் தூர நீட்டிப் பிடிக்கிறீங்களோ? பின்னேரத்தில வெளிச்சம் காணாது எண்டு லைற் போடச் சொல்லிப் பிள்ளையளோட சண்டையோ? 43 வயசு எண்டு சொன்னீங்கள், அதுதான் கேக்கிறன். எனக்கு 45இல பிடரி நோ துவங்கி நான் எண்ணெய் பூசி, கட்டிலை மாத்தி, தலையணியை மாத்தி, கடைசியாக் கண் டொக்டரிட்டப் போனபோதுதான் சங்கதி தெரிஞ்சது, வயசோட கிட்ட இருக்கிறது மங்கத் துவங்கியிருக்கு எண்டு. பேப்பரைத் தூரப் பிடிக்கலாம், உங்கட ஃபிரேமைத் தூரப் பிடிக்கேலாதே.

பிறகு இரட்டைக் கண்ணாடி போட்டு இன்னொரு கூத்து, கீழ்ப் பாதியால கொம்பியூட்டரைப் பார்க்க நாடியை மேல தூக்கித் தூக்கிப் பிடரியை நானே மடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். வேலை தூரத்துக்குத் தனிக் கண்ணாடி எடுத்தபிறகுதான் விட்டது. பஸ் ஸ்ராண்டில தொங்கிற ஆயத்தக் கண்ணாடியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதேங்கோ, ஃபிரேமுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் எண்டு அடிமட்டத்தால அளந்து கொண்டுபோய்ச் சொல்லுங்கோ.

பிசியோ_திருநெல்வேலி:

மாஸ்ரர், இது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா, மகளைக் கொண்டு வேலை செய்யேக்க பக்கவாட்டில ஒரு படம் எடுப்பிச்சுப் பாருங்கோ. முதுகு கூனி, நாடி மட்டும் மேல தூக்கி நிக்குதோ எண்டு.

நொச்சி_நாச்சியார்:

நொச்சி இலை அவிச்சு ஆவி பிடிச்சு, அதே தண்ணியில துவாய் பிழிஞ்சு பிடரியில 15 நிமிசம் போடுங்கோ தங்கச்சி, எங்கட அம்மம்மா செய்தது. கைதடி சித்த ஆஸ்பத்திரியிலயும் போய்க் கேக்கலாம்.

ஆரி_கோண்டாவில் (3 மாசத்துக்குப் பிறகு):

திரும்பி வந்து எழுதாமல் போற ஆக்களில எனக்கே கோவம் வாறது, அதால எழுதுறன். மகள் எடுத்த படத்தைப் பார்த்து எனக்கு வெக்கமாப் போச்சு, ஆமை ஓட்டுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி நாடி முன்னுக்கு நிக்குது, நெத்தி சுருங்கிக் கிடக்குது. மாஸ்ரர் சொன்னது அப்பிடியே சரி. கண் சோதிச்சன், 1.25 கண்ணாடி தந்திருக்கினம், 34 சென்றிமீற்றர் எண்டு அளந்து கொண்டுபோனதைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரிச்சவள். போட்டுக்கொண்டு வந்து பழைய வேலையைப் பார்த்தால் எத்தினை தையல் பிசகியிருக்கு, அதைப் பார்த்தே தலையிடி வந்தது.

கலண்டரில முதல் மாசம் 23 வட்டம். நான் 12, 13 எண்டுதான் நினைச்சிருந்தன். கிளினிக்கில பார்த்திட்டுப் பனடோலைக் குறைக்கச் சொல்லி, இரவுக்கு மிஸ்ஸி சொன்ன அந்தக் குளிசை 10 மில்லிகிராம் தந்தவை. முதல் 9 நாளும் நரகம், ஒரு ஓடரைத் திருப்பிக் குடுத்தன், பொம்பிளையின்ர தாய் இன்னும் என்னோட கதைக்கிறேல்லை. பிறகு மெல்ல மெல்ல விட்டது. இந்த மாசம் 6 கீறு, 3 வட்டம். முழுக்கப் போகேல்லை, மழைக்கால இருட்டில வேலை செய்தால் வருது.

இப்ப ஃபிரேமை ரெண்டு பக்கமும் புளொக் கல்லு அடுக்கி உயர்த்திக் கதிரையில இருக்கிறன். போன் அலாரம் அரை மணிக்கு ஒருக்கா வைச்சுப் பார்த்தன், ஸரி நூல் பாதியில நிக்கேக்க அடிச்சால் எரிச்சல்தான் வருது. அதால ஒரு மாங்காய் டிசைன் முடிஞ்சால் எழும்பி முத்தத்துக்குப் போய் வாறது எண்டு வைச்சிருக்கிறன், ஒரு மாங்காய்க்கு எனக்கு 25 நிமிசம். நாடி ஆட்டுற பயிற்சியை நான் செய்ய மகன் பக்கத்தில இருந்து "ஓம் ஓம்" எண்டு பகிடி விடுறான். நொச்சி ஆவி நல்ல சுகம் அக்கா, அதையும் விடேல்லை.

ஆருக்காவது உயரம் ஏத்தி இறக்கிற மாதிரி ஆரி ஸ்ராண்ட் செய்யிற தச்சு வேலைக்காரரைத் தெரியுமோ? கல்லு அடுக்கினது பூனை ஏறினால் ஆடுது. சுன்னாகத்தான் தம்பி, சலூன் என்ன மாதிரி?

சுன்னாகத்தான்:

முடி மட்டும் வெட்டுறன் அக்கா. முறிக்க வேண்டாம் எண்டு சொன்ன நாளில இருந்து சலூன்காரர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. எங்கட மாமா தச்சு வேலைதான், இணுவில், உள்பெட்டியில நம்பர் போட்டு விடுறன்.